பின்கடி

தையல்நாயகிக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. நாலைந்து நாளாகத் துளைக்குழாய்களின் மேல் குனிந்தே கிடந்ததில், நிமிர்ந்தால் ஒரு வலி, உட்கார்ந்தால் வேறொரு வலி, படுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வலி. இறக்குக் கப்பலின் மேல்தளத்தில் கிடந்த கயிற்றுச் சுருளில் பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சியில் உப்பு இல்லை. சுற்றிலும் கடல் கிடக்கிறது, குடிக்கிற கஞ்சியில் உப்பில்லை. சமையல்காரனைக் கூப்பிட்டுத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், திட்டுவதற்கும் இடுப்பை அசைக்க வேண்டியிருக்கும் என்பதால் மூடிக்கொண்டாள்.

இன்றைக்குக் கடலடிச் சேற்றுச் சரிவு இறங்க வேண்டும். கீழே, சரிவின் பாதையில் இருந்த கல்லடித்துறை மிதவூர் நேற்றே நங்கூரம் தூக்கி ஒதுங்கிவிட்டது. ஒதுங்கும்போது அந்த ஊர்க்காரர்கள் ரேடியோவில் அவளுடைய அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். அது வழக்கம்தான். திட்டாமல் ஒதுங்கிய ஊர் என்று ஒன்றை அவள் இந்த வேலையில் பார்த்ததில்லை. மிச்சமிருந்தது சரிவுக்கு மேலே இருந்த உப்புவாசல் மிதவூர். விடிந்ததிலிருந்து அங்கே நங்கூர உருளைகளின் கரகர சத்தம் கேட்டிருக்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

வடம் சுற்றும் விஞ்சுக்காரன் கலியமூர்த்தி தளத்தின் மறுகோடியிலிருந்து விறுவிறுவென்று வந்தான். நல்ல செய்திக்கு ஆடி அசைந்து வருகிற ஆள் அவன். இந்த நடையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“தையலு, உப்புவாசல்ல உருளை நிக்கிது.”

“நிக்கிதுன்னா? மோட்டார் போயிருச்சா?”

“வெள்ளத்துணி ஏத்திருக்காங்க.”

கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “யாரு?”

“நம்ம வினைதீர்த்தான். விடியக்கால நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாராம். அவ்வளவுதான், எந்திரிக்கல.”

“இன்னிக்கா? அந்த மனுசனுக்குச் சாவ வேற நாளே கெடைக்கலையா?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வினைதீர்த்தான் இதே கப்பலில், இதே விஞ்சில், அவளோடு தோள் இடிக்க வேலை பார்த்தவர். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை. துக்கம் வந்தது, ஆனால் எரிச்சலுக்குப் பின்னால்தான் வந்தது. அவள் வேலை அப்படி.

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தான். “ஊசி போட்டாச்சே.”

“அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

ஊசி போட்டாயிற்று என்றால் திரும்ப எடுக்க முடியாது. அணைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேங்கிக் கிடந்த வண்டல், அணைகள் உடைந்த வருடங்களில் மொத்தமாகக் கடலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழையும் தன் பங்கைக் கொண்டுவந்து கொட்டியது. கரையோரத்து ஆழமில்லாத கடல் முடிந்து, தரை பாதாளத்துக்குச் சாய்கிற அந்த விளிம்பில், சாய்த்து வைத்த தட்டில் அப்பிய ஈரமாவு மாதிரி சேறு மலைமலையாக உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை அது தன்னிஷ்டத்துக்குச் சரிந்தது. அதைத்தான் பெருஞ்சரிவு என்கிறார்கள். அன்றைக்கு எழும்பிய அலை, கடல் ஏறியதற்குப் பிறகும் கரையில் மிச்சமிருந்ததைத் துடைத்துக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் மிதவூர் கட்டிக்கொண்டு அதே சரிவின் மேல் நங்கூரம் போட்டுக் குடியிருக்கிறார்கள். வேறு எங்கே போவது?

அதனால் சரிவு வாரியம் வந்தது. தானாகச் சரிவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக நாமே இறக்கிவிட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சேற்றுக்கு அடியில் வழுவழுப்பான மெல்லிய களிமண் படலம் ஒன்று இருக்கும். அதற்குள் நீண்ட குழாய் ஊசிகளை இறக்கித் தண்ணீரை ஏற்றுவார்கள். மண்துகள்களுக்கு நடுவே தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, ஒன்றையொன்று பிடித்திருந்த துகள்கள் பிடியை விடும். இந்த அழுத்தத்துக்கு வாரியத்துப் புத்தகத்தில் பெரிய பெயர் உண்டு. கப்பலில் அதற்கு ஊறல் என்று பெயர். ஊறல் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், மேலே இருக்கிற சேறு தன் கனத்திலேயே நகரும். காலையில் நகருமா மத்தியானம் நகருமா என்பதுதான் தெரியாது. நகரும் என்பது நிச்சயம்.

பாதையில் இருக்கிற ஊர் ஒதுங்க வேண்டும் என்பது குழந்தைக்கும் புரியும். மேலே இருக்கிற ஊரும் ஒதுங்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் புரியாத விதி. அதற்குக் காரணம் பின்கடி. அடிச்சேறு போய்விட்டால் அதற்குப் பின்னால் நிற்கிற சுவருக்கு முட்டு இல்லை. அந்தச் சுவர் விழும். அது விழுந்தால் அதற்கும் பின்னால் இருப்பது விழும். சரிவு முன்னால் ஓடிக்கொண்டே பின்பக்கமாக மேட்டைக் கடித்துக்கொண்டு ஏறும். இறக்குக் கப்பல்காரர்கள் பார்த்தவரை அது ஒரு வாய் கடிக்கும், மிஞ்சினால் இரண்டு வாய். பிறகு அடங்கிவிடும். ஆகவே மேல் ஊர்கள் அழுதுகொண்டே நங்கூரம் தூக்குவதும், சில நேரம் தூக்காமல் இருப்பதும், கப்பல்காரர்கள் அதைக் கண்டும் காணாமல் விடுவதும் உண்டு.

வாரியத்திலிருந்து பொறியாளர் சபூரா ரேடியோவில் வந்தாள். அவள் திருவாரூர்க் கரையில் உட்கார்ந்திருந்தாலும் குரல் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

“யக்கா, உப்புவாசல் இன்னும் அசையலையே?”

“எழவு விழுந்திருக்கும்மா. உருளையத் தொட மாட்டாங்க.”

“தொடாம? ஊறல் ஏறிக்கிட்டே இருக்கு. கணிப்புல நாலு கடி வரைக்கும் காட்டுது. நாலாவது கடி அவங்க நங்கூரத்தடி.”

“கணிப்பு எப்பவும் நாலு காட்டும். எப்ப நாலு கடிச்சிருக்கு?”

“இது போன மழைக்கு வந்த சேறு யக்கா. இன்னும் தண்ணியே வடியல. பழைய சேறு மாதிரி இருக்கும்னு எப்படி நெனைக்கிறது?”

தையல்நாயகிக்கு அது தெரியும். நேற்று ஊசி இறக்கும்போது தயிருக்குள் விரல் விட்டது போல உள்ளே போயிற்று. அவள் அதைச் சொல்லவில்லை. “போயிப் பேசிப் பாக்குறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிறுபடகில் இறங்கினாள். இறங்கும்போது இடுப்பில் ஒருமுறை மின்னலடித்தது.

உப்புவாசல் அசையாமல் நின்றது. பார்க்கவே மனதைக் கலக்குகிற காட்சி அது. மிதவூரில் உருளைகள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். நீரோட்டத்துக்கு ஏற்ப ஒரு வடத்தை இழுக்கும், ஒரு வடத்தை விடும். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள், அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பெரியவர்கள் பேசுவார்கள். சாவு விழுந்தால் மட்டும் உருளைகளை நிறுத்துவார்கள். பிணத்தைத் துணியில் சுற்றி, ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை நங்கூர வடத்தில் கோத்து இறக்கிவிடுவார்கள். வடம் வழியாகவே வழுக்கிப் போய், நங்கூரம் குத்தியிருக்கிற சேற்றில் பிணம் அடங்கும். நங்கூரத்தடிதான் ஊரின் இடுகாடு. அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் வடம் அசையக் கூடாது, யாரும் உருளையைத் தொடக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. மீறினவன் வீட்டில் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

சாவு வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் ஒப்பாரி நின்றது. வினைதீர்த்தானின் பெண்சாதி சூடாமணி, புருசன் தலைமாட்டில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“வா. மாலை போட வந்தியா, ஊரக் கெளப்ப வந்தியா?”

“ரெண்டுக்குந்தான்.”

“மாலை எங்க?”

தையல்நாயகி தன் வெறும் கையைப் பார்த்தாள். பெண்கள் கூட்டத்தில் யாரோ ‘க்கும்’ என்றார்கள்.

ஊர்த்தலைவர், நாட்டார் ருக்குமாங்கதன் அவளை வெளியே அழைத்துக்கொண்டு போனார். பெரிய உடம்பு; கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லுகிற வாய்.

“நாட்டாரே, மத்தியானத்துக்குள்ள தூக்கியாவணும்.”

“பொணத்த வச்சிக்கிட்டா?”

“அப்ப இப்பவே எறக்கிடுங்க. எறக்குன கையோட தூக்குங்க.”

“தம்பிக்காரன் வராமலா?”

“எங்க அவன்?”

“என்னக் கேட்டா? குணசீலனுக்குப் பொண்ணு எடுத்தது கல்லடித்துறை, இருக்கிறதும் அங்கதான? அந்த ஊரு எங்க நிக்கிது இப்ப? நேத்து அத யாரு கெளப்பி அனுப்புனா?”

கல்லடித்துறையை அனுப்பியது அவள்தான். சுற்றி வளைத்து எல்லாம் தன் தலையிலேயே வந்து விடிவதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. கலியமூர்த்தியை ரேடியோவில் கூப்பிட்டு, விரைவுப் படகை எடுத்துக்கொண்டு போய்க் குணசீலனைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். “சட்டை போட நேரம் குடுக்காத. அப்படியே ஏத்திக்கிட்டு வா.”

“வந்ததும் எறக்கிடுவீங்கல்ல?” என்றாள் நாட்டாரிடம்.

“சடங்கு இல்லையா?”

“சடங்கச் சுருக்கிக்கங்க.”

வாசலுக்கு வந்து நின்ற சூடாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “தையலு, உன்கிட்ட அந்த மனுசன் எத்தன வருசம் வேல பாத்துச்சு? ஒரு நாளு லீவு கேட்டுச்சா? இப்பக் கேக்குது. ஒரே ஒரு பொழுது. அசையாம இருங்குது.”

வாரிய விதியைச் சொல்லலாம். கணிப்பைச் சொல்லலாம். தயிரில் விட்ட விரலைச் சொல்லலாம். சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் சண்டை, அதற்குப் பிறகும் தூக்க மாட்டார்கள். பின்கடி இரண்டு வாய்க்கு மேல் போனதைத் தையல்நாயகி கண்ணால் கண்டதில்லை. உப்புவாசல் நங்கூரத்தடி எவ்வளவோ மேலே இருக்கிறது.

“சரி” என்றாள். “பொழுது சாயிறதுக்குள்ள.”

சரிவு அதற்காகக் காத்திருக்கவில்லை. உச்சி சாய்ந்ததும் தொடங்கிவிட்டது.

கப்பல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றது. சரிவுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகச் செவிக்கம்பிகள் போட்டிருந்தார்கள். மண் முனகினால்கூட ஒலியாக மேலே அனுப்புகிற ஃபைபர் கம்பிகள். சேறு கடக்கும்போது ஒவ்வொன்றாக அறுந்துபோகும். எது எப்போது அறுந்தது என்பதை வைத்துத்தான் ஓட்டத்தின் வேகத்தைப் பிடிப்பார்கள். கப்பலுக்குத் திரும்பியிருந்த தையல்நாயகி, அவற்றைக் கேட்கிற காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பது போல ஒரு சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கோயில் குளத்தளவு பாளம் ஒன்று முழுசாகப் பெயர்ந்து, உடையாமல் கொஞ்ச தூரம் வழுக்கியது. அதுவரைக்கும் அது மண்தான். அதற்குப் பிறகு உடைந்தது. உடைந்த கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, தண்ணீரைக் குடித்து, கூழாகி, கூழ் ஓடத் தொடங்கியது. வேகம் பிடித்ததும் அதன் மூக்கு தரையை விட்டு எழும்பி, அடியில் புகுந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிக்கொண்டது. இதற்கு நீர்ச்சறுக்கு என்று பெயர். ஈரத் தரையில் தட்டு வழுக்குகிற மாதிரிதான். உராய்வு இல்லை, நிறுத்துவதற்கு ஆள் இல்லை. பந்தை வைத்தால் உருளாத சமதரையில்கூட அந்த மூக்கு ரயில் வேகத்தில் போகும். அதன் முதுகிலிருந்து கிளம்புகிற கலங்கல், சேறு நின்ற பிறகும் தனியே ஓடிக்கொண்டிருக்கும். பாதாளத்துச் சமவெளியில் போய் மெதுவாகப் படிவதற்கு நாள்கணக்காகும்.

இத்தனையும் கீழே. மேலே கடல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. கடற்காக்கை ஒன்று அலுப்போடு மிதந்தது.

கம்பிகள் அறுந்துகொண்டே போயின. கடைசிக் கம்பி, கல்லடித்துறை நேற்றுவரை நின்ற இடத்துக்கும் கீழே இருந்தது. அதுவும் போயிற்று. அலை எழும்பவில்லை. கப்பலில் கைதட்டினார்கள். சங்கு ஊதினார்கள்.

சங்கு ஊதினால் சாப்பாடு. மூக்கு கடைசிக் கம்பியைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அத்தனை பேரும் தளத்தில் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். இறக்குக் கப்பல் என்று ஒன்று வந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். எல்லோரும் மூக்கைத்தான் கேட்பார்கள். வாலை யாரும் கேட்பதில்லை. தையல்நாயகியும் காதிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வலிக்கிற இடுப்போடு வட்டத்தில் போய் உட்கார்ந்தாள். காலையில் உப்பில்லாமல் கஞ்சி போட்டவன் இப்போது குழம்பில் இரண்டு வேளைக்கும் சேர்த்துப் போட்டிருந்தான்.

“ஏய், நீ அளந்து போடுறியா, ஆளப் பாத்துப் போடுறியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விரைவுப் படகில் குணசீலனை ஏற்றிக்கொண்டு போன கலியமூர்த்தி, அவனை உப்புவாசலில் இறக்கிவிட்டதாகச் சொன்னான். எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

ரேடியோ அலறியது.

“யக்கா, அங்க செவிக்கம்பிய யாரு கேக்குறா?”

தையல்நாயகி ஆணியைப் பார்த்தாள்.

“மேல்பக்கம் கம்பி ஒண்ணொண்ணாப் போய்க்கிட்டிருக்கு” என்றாள் சபூரா. “ரெண்டு கடி ஆச்சு. மூணாவது இப்பக் கடிச்சிச்சு. நிக்கல யக்கா, அது நிக்கவே இல்ல!”

சோற்றுக் கையோடு ஓடிப்போய்க் காதில் மாட்டினாள். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே. வடியாத சேறு, பிடித்து நிறுத்த அதில் ஒன்றுமில்லை. ஒரு சுவர் விழுந்ததும் அடுத்தது தானாக முன்வந்து விழுந்தது.

நாட்டாரைக் கூப்பிட்டாள். ஒப்பாரியும் பறையும் காதைப் பிளந்தன.

“நாட்டாரே, எறக்கியாச்சா?”

“இப்பத்தான் வளையத்த மாட்டிருக்கோம். பலகையத் தூக்கப் போறோம்.”

“பின்கடி ஏறி வருது. வடத்த விடுங்க.”

“என்னது? நீதான பொழுது சாயிறவரைக்கும்னு...”

“நான்தான் சொன்னேன்! இப்ப நான்தான் சொல்றேன்!”

எதிரில் உப்புவாசலின் கிழக்கு மூலை மெல்லத் தாழ்ந்தது. நங்கூரம் குத்தியிருந்த சேறே நங்கூரத்தோடு கீழே நடக்க ஆரம்பித்துவிட்டது. வடம் விறைத்து, ஊரை ஒரு காதைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தது. தண்ணீர் முதல் வரிசை வீடுகளின் வாசலில் ஏறியது. பறை நின்றது. இப்போது கேட்டது ஒப்பாரி இல்லை, அலறல்.

“தூக்குறோம், தூக்குறோம்!” என்று கத்தினார் நாட்டார். முதல் தடவையாகக் கேள்வி இல்லாத பதில்.

“தூக்க அரைநாள் ஆவும். நான் அறுக்குறேன்.”

ஒவ்வொரு மிதவூரின் வடத்திலும் ஊருக்குக் கீழே ஒரு அறுப்பான் பொருத்தியிருக்கும். சாவி இறக்குக் கப்பலில்; இங்கே திருப்பினால் அங்கே வடம் அறும். சீல் வைத்த பெட்டியில் கிடக்கும் அந்தச் சாவியை இதுவரை யாரும் எடுத்ததில்லை. அறுத்தால் வடம் போச்சு, நங்கூரம் போச்சு, நங்கூரத்தடியில் படுத்திருக்கிற அத்தனை பேரும் போனார்கள்.

“அறுக்காத தையலு! பொணம் வளையத்துல இருக்கு. வளையம் வடத்துல இருக்கு!”

“அவுத்து எடு!”

“சாவு முடிச்ச அவுக்கக் கூடாது...”

பெட்டியை உடைத்தாள். கிழக்கு வடத்தை அறுத்தாள். ஊர் ஒருமுறை துள்ளி அடங்கியது. அடுத்ததை அறுத்தாள். அதற்கடுத்தது. வினைதீர்த்தான் மாட்டியிருந்த தெற்கு வடத்தை மட்டும் விட்டு வைத்தாள். முழு ஊரும் அந்த ஒற்றை வடத்தில் தொங்கிக்கொண்டு சுழன்றது. தெற்குப் பக்கம் தாழ்ந்தது. ரேடியோவில் நாட்டார் யாரையோ பார்த்து “கத்தியக் கொண்டா, கத்தியக் கொண்டா” என்று கத்திக்கொண்டிருந்தார். தெற்கு வரிசை வீடுகளில் சன்னல்வரை தண்ணீர். ஒரு பெண் பிள்ளையைக் கூரைமேல் தூக்கிப் போடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“அவுத்தாச்சா?” என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். இரைச்சல்தான் வந்தது.

சாவியைத் திருப்பினாள்.

பிறகு தெரிந்தது, குணசீலன் மீன்கத்தியால் வளையக் கட்டை அறுத்து, அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பலகைமேல் பின்பக்கமாக விழுந்த நேரமும் அவள் சாவி திருப்பிய நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். எது முந்தியது என்று அவனுக்கும் தெரியாது. ஒருவேளை அவன் பிந்தியிருந்தாலும் அவள் திருப்பித்தான் இருப்பாள். அவளுக்கு அது தெரியும். உப்புவாசல்காரர்களுக்கும் தெரியும்.

ஊரில் ஒருவரும் சாகவில்லை. வாரியத்தில் சபூராவின் மேலதிகாரிகள், பல வருடத்தில் இவ்வளவு சேறு ஒரே தடவையில் அலை இல்லாமல் இறங்கியதில்லை என்று பாராட்டுச் செய்தி அனுப்பினார்கள். சபூரா தனியாகக் கூப்பிட்டாள். “கேட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு சொல்ல மாட்டேன் யக்கா” என்றாள். சொல்லிவிட்டாள் என்று இருவருக்கும் புரிந்தது. தையல்நாயகி, “ஊசி தயிர்ல போன மாதிரி போச்சும்மா. உன்கிட்டச் சொல்லல” என்றாள். வேறு வேலை இருப்பதாகச் சொல்லிச் சபூரா வைத்துவிட்டாள்.

உப்புவாசல் நின்ற இடத்தில் இப்போது சேறு இல்லை. சுரண்டி எடுத்த மாதிரி கெட்டிக் களிமண்தான் அம்மணமாகக் கிடக்கிறது. நங்கூரம் அதில் பிடிக்காது, சறுக்கும். புதுச் சேறு படிய எத்தனை மழையாகுமோ. அதுவரைக்கும் ஊரை இழுவைக் கப்பலில் கட்டி, ஒவ்வோர் ஊர் ஓரத்திலும் மாற்றி மாற்றி ஒட்டவைக்கிறார்கள். ஒட்டவைத்த இடத்திலெல்லாம் முகச்சுளிப்பு. நிற்க இடம் கொடுக்கிறவர்கள் படுக்க இடம் கொடுக்க மறுக்கிறார்கள். எங்கள் நங்கூரத்தடி எங்கள் ஆட்களுக்கு, அடுத்த ஊர்ப் பிணத்தை எங்கள் வடத்தில் கோக்க மாட்டோம் என்கிறார்கள். தையல்நாயகி ஓர் ஊர் விடாமல் ஏறி இறங்கிவிட்டாள். கல்லடித்துறையில், “நேத்து எங்களக் கெளப்புனவ இன்னிக்கி எங்ககிட்ட மண்ணு கேக்குறியா?” என்று முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். கரையில் விசாரித்தாள். கரையில் உயிரோடு இருப்பவர்களுக்கே தரை போதவில்லை. கடல்வாசிப் பிணம் கரையேறக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சும்மா தண்ணீரில் விட்டுவிடலாம் என்று ஒரு கிளார்க் யோசனை சொன்னான். அவனை அடிக்காமல் வந்தது தன் இடுப்பு வலியின் புண்ணியம் என்று கலியமூர்த்தியிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

மறுபடி உப்புவாசலுக்குப் போனபோது மாலை கொண்டுபோனாள். வினைதீர்த்தானை மீன் கிடங்கில், பனிக்கட்டிக்கு நடுவே வைத்திருந்தார்கள். இழுவைக் கப்பலின் அதிர்வில் பலகை இடைவிடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் பிடித்தபடி சூடாமணி ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மாலையை வாங்கித் தானே போட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தையல்நாயகிக்குப் பதில் இருந்திருக்கும்.

“புள்ளைங்கள நீதான் காப்பாத்துன. நான் இல்லங்கல” என்றாள் சூடாமணி. “ஆனா இவர எங்க வைக்கச் சொல்ற?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“எடத்த எப்பக் குடுப்ப?”

தையல்நாயகி நடுங்குகிற பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் வடக்கே இன்னொரு சரிவு இறக்க வேண்டும். மலையத்தனை சேற்றை ஊசி போட்டுப் பாதாளத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு கூடை எடுத்து வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை. எடுத்தாலும் கரைந்துதான் போகும்.

“கேட்டது காதுல விழுந்துச்சா?” என்றாள் சூடாமணி.

“விழுந்துச்சு.”

படகில் ஏறினாள். வினைதீர்த்தானுக்கு ஆறடிச் சேறு பாக்கி. கொடுக்க வேண்டியவள் தையல்நாயகி. இன்னும் கொடுக்கவில்லை.